எக்ஸ்ரே அக்கா வெளிச்சம் ஏற்றிய படங்கள்

எங்கள் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கூட அப்படித்தான். நான் வாசலில் டோக்கன் கொடுப்பவள். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே மேஜையில் பகல் சாப்பாடு சாப்பிடுகிறோம். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. அக்கா யாரிடமும் எதையும் சொல்லாதவள். என்னிடம் மட்டும் சொல்வாள். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உலகத்தில் ரகசியம் இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

அக்காவின் வேலைக்கு மொத்தம் மூன்றே வசனம். "ஆடாம இருங்க." "மூச்சை இழுத்துப் பிடிங்க." "விடுங்க." நாலாவதாக ஒன்று உண்டு, அது கேட்பவர்களுக்கு மட்டும். படம் எடுத்து முடிந்ததும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்பார்கள், "ஏதாவது இருக்கா மேடம்?" அக்கா சொல்வாள், "டாக்டர் சொல்வார்." எலும்பு இரண்டாக உடைந்து கிடந்தாலும் அதே முகம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே முகம். அந்த முகத்தைப் பழகிக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் பிடித்ததாம்.

புகுந்த வீட்டிலும் அவள் அப்படியே இருந்தாள். ஆகவே அவளுக்கு வாய் இல்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வாயில்லாதவளுக்கு மூளையும் இருக்காது என்பது அடுத்த முடிவு. கணவனின் அண்ணன் பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். அக்கா அவரை அத்தான் என்பாள். குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு வசனம் உண்டு: "பட்டன் அமுக்குறதுக்கு ரெண்டு வருஷம் படிச்சாங்களாம். நம்ம கடையில லிப்ட் வச்சா கூப்பிட்டுக்கலாம்." எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவின் கணவனும் சிரிப்பான். அண்ணன் வாய் திறந்தால் சிரித்துவிடுவது என்பது அவனுக்கு அரைக்கால் சட்டைக் காலத்திலேயே பழகிப்போனது.

இந்தக் குடும்பம் போன கோடை விடுமுறையில் நாலு நாள் ஒரு ஏரிக்கரை விடுதிக்குப் போனது. அத்தான், அவர் மனைவி, பதினொரு வயசுப் பையன். அக்கா, கணவன், ஒன்பது வயசுப் பெண். நாத்தனார், அவள் கணவர், ஆறு வயசு இரட்டைப் பெண்கள். இவர்களோடு சர்க்கரை நோயும் சபலமும் சம அளவில் உள்ள மாமனார்.

பயணத்துக்கென்றே அத்தான் ஒரு பெரிய கேமரா வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி இருபது வீடியோ பார்த்திருந்தார். வண்டி கிளம்பும்போதே உத்தரவு போட்டுவிட்டார்: "எல்லாரும் போனை உள்ள வைங்க. போன்ல எடுக்கிறதெல்லாம் ஒரு போட்டோவா? குழந்தைங்களோட நினைவு இது. நான் ஒருத்தன் பார்த்துக்கிறேன்."

ஒருத்தராகவே பார்த்துக்கொண்டார். குழந்தைகள் படகில், குழந்தைகள் பாறையில், குழந்தைகள் ஊஞ்சலில். ஊஞ்சல் ஆடினால் படம் கலங்குகிறது என்று ஆடாத ஊஞ்சலில். இரட்டையரில் ஒருத்தி தடுக்கி விழுந்து அழுதபோது "அப்படியே இரு, எழுந்துக்காத" என்று மூன்று கோணத்தில் எடுத்தார். எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது இருட்டாகத்தான் இருந்தன. ஆனால் வெயிலில் திரை அப்படித்தான் தெரியும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். போதாக்குறைக்குக் கண்ணில் கறுப்புக் கண்ணாடி வேறு.

ஊருக்குத் திரும்பியதும் அத்தான் வீட்டு ஹாலில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் படம் வந்தது. மாமனார் கேட்டார், "என்னப்பா, கரண்ட் போயிடுச்சா?"

போகவில்லை. அறுநூற்று நாற்பது படங்களும் அப்படியே இருந்தன. கறுப்பு ஏரிக்கரையில் நாலு கறுப்பு உருவங்கள், உற்றுப் பார்த்தால் பல் மட்டும். பையன் "அது நான்" என்றான். "இல்ல, அது கம்பம்" என்றாள் அக்காவின் பெண்.

அத்தான் அசரவில்லை. "இதுக்குப் பேரு 'மூடு லைட்டிங்'. வெளிநாட்டுல இப்படித்தான் எடுப்பான்" என்றார். ஆனால் அவர் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, தன் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீட்டுக்கும் படம் காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாள். பன்னிரண்டு வீட்டிலும் வெளிநாட்டு ரசனை கிடையாது. மறுநாள் ஸ்டுடியோக்காரரிடம் கொண்டுபோனார்கள். அவர் பார்த்துவிட்டு, "சார், இது போட்டோ இல்ல, கரி" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் குடும்பத்துக்கு எக்ஸ்ரே அக்காவின் நினைவு வந்தது. "நாள் பூரா கறுப்புப் படத்தைத்தானே பார்க்கிற? இதையும் பாரேன்" என்றார் அத்தான். உதவி கேட்பதுபோல இல்லை. ஏதோ வாய்ப்புத் தருவதுபோலச் சொன்னார்.

அக்கா மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். கம்ப்யூட்டரில் ஒரு எடிட்டிங் சாப்ட்வேரை இறக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முதலில் ஒட்டுமொத்தமாக வெளிச்சத்தை ஏற்றினாள். வானம் வெள்ளைத் துணியாகிவிட்டது. குழந்தைகள் முகமெல்லாம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளி. ஆனால் பதினேழு வருஷம் நெஞ்சுப் படத்தில் விலா எலும்பை விட்டுவிட்டு நுரையீரலை மட்டும் பார்க்கத் தெரிந்தவள் அவள். வானத்தை அதன் பாட்டுக்கு விட்டாள். நிழலாக இருந்த இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். புள்ளியை அடக்கினாள், நிறத்தைச் சூடாக்கினாள். கேமரா எல்லாத் தகவலையும் அப்படியே சேர்த்து வைக்கிற முறையில் வைக்கப்பட்டிருந்தது. ஏதோ வீடியோவில் சொன்னார்கள் என்று அத்தான் அப்படி வைத்திருந்தார். நாலு நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பதினோரு மணிக்குக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு கன்னம் வந்தது. பிறகு விழுந்து அழுத இரட்டையின் கண்ணீர் வந்தது. அக்காவின் பெண் நாற்காலியில் ஏறி நின்று பார்த்து, "ஐயோ அம்மா, நாங்க இருக்கோம்!" என்று கத்தினாளாம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பத்துப் படங்களைக் குடும்பக் குழுவில் அனுப்பினாள். நன்றி வரும் என்று எதிர்பார்த்தாள். புகார் வந்தது.

"அண்ணி, உங்க பொண்ணு மட்டும் பளிச்சுனு இருக்கா. என் ரெண்டும் ஏன் மங்கலா இருக்கு?" இது நாத்தனார்.

"என் பையன் இவ்வளவு கறுப்பு கிடையாதே. கொஞ்சம் கலர் ஏத்து" என்று ஓரகத்தி. "அவ பிள்ளைக்கு ஏத்தினதை விட ஒரு பிடி கூடவே ஏத்து. ரகசியமா."

அக்கா சொன்னபடி ஏற்றினாள். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கேட்டாள். ஓரகத்தி அதற்கும் மேல் கேட்டாள். வியாழக்கிழமைக்குள் பிள்ளைகள் மாவு மில்லில் வேலை முடித்து வந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள். கடைசியில் பையன் தன் படத்தைப் பார்த்து, "இது யாரு, செத்துப்போனவனா?" என்று கேட்டதும்தான் போட்டி நின்றது. அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையபடி ஆரம்பித்தாள். முதல் ஞாயிறு ஏற்கனவே போயிருந்தது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது.

மூன்றாவது ஞாயிறுதான் அக்கா ஒன்றைக் கவனித்தாள். குழந்தைகளுக்குப் பின்னால், இருட்டு மூலையில், ஒரு நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது. படகுத் துறையில் அது. பாறைக்குப் பின்னால் அது. ஊஞ்சலடியிலும் அதுவே. நாலு நாளும் அந்த நாய் இவர்களை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. பதினோரு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. என்றைக்கும் விளையாட்டுப் பேச்சுப் பேசாதவளுக்கு அன்று ஒரு விளையாட்டுத் தோன்றியது. திங்கட்கிழமை காலை, வேலைக்குள் நுழைவதற்கு முன், குடும்பக் குழுவில் எழுதினாள்:

"பின்னாடி இருட்டா இருந்த இடத்துக்கெல்லாம் வெளிச்சம் ஏத்திட்டேன். என்னென்னவோ தெரியுது! நாலு நாளா யாருக்கும் தெரியாம ஒருத்தர் என்ன பண்ணியிருக்கார்னு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாடியும் டிவியில காட்டுறேன்."

எழுதிவிட்டுப் போனை என் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எக்ஸ்ரே அறைக்குள் அவள் போன் கொண்டுபோவதில்லை. பத்து நிமிஷத்தில் இழுப்பறை உறும ஆரம்பித்தது. மதியத்துக்குள் பதினெட்டு அழைப்பு. நான் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மாமனாரே நேரில் வந்துவிட்டார். எனக்கு அவர் யாரென்று தெரியாது. "எக்ஸ்ரே ரூமுக்குள்ள போகணும்" என்றார். டோக்கன் இல்லாமல் போக முடியாது என்றேன். "அப்ப ஒரு டோக்கன் குடும்மா." எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நெஞ்சு" என்றார். நாற்பத்தாறாம் நம்பர் கொடுத்தேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்.

உள்ளே போனதும் அக்கா பதறிவிட்டாள். "மாமா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகிடக் கூடாதுன்னுதான் வந்தேன். அம்மா, அந்த ஐஸ்கிரீம் விஷயத்தை டிவியில போட்டுடாத."

"எந்த ஐஸ்கிரீம்?"

"சோதிக்காதம்மா. ஒரு நாளைக்கு ரெண்டுதான். மூணாம் நாள் மட்டும் நாலு. உன் பொண்ணைத்தான் காவலுக்கு நிறுத்தினேன். அவளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். என் பொண்ணுக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவா."

அக்கா பழக்க தோஷத்தில் "சரி, மூச்சை விடுங்க" என்றாளாம்.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து, போனை எடுத்து, சோற்றுக் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள். ஓரகத்தி. "இங்க பாரு, எல்லாரும் எடுக்கிறதுதான். ரெண்டே ரெண்டு துண்டு. குளிச்சுத் துவட்டுற பெரிய துண்டு. அப்புறம் அந்தத் தண்ணி சுட வைக்கிற கெட்டில். விடுதிக்காரன் அதெல்லாம் கணக்குப் பண்ணித்தான் வச்சிருப்பான். என் பையன் பையிலதான் வச்சேன், அவனுக்கே தெரியாது. அதுவா படத்துல விழுந்திருக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். பிள்ளைகளுக்கு நேர்மை பற்றி அந்தக் குடும்பத்தில் வகுப்பெடுப்பவள் அவள்தான். அக்கா "ம்" என்பதற்குள் அவளே தொடர்ந்தாள்: "ஒரு துண்டை உனக்குக் குடுத்துடறேன். புதுசு மாதிரிதான் இருக்கு."

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனேன். நாய் விஷயத்தைச் சொல்லிவிடு என்றேன். அக்கா சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. நாத்தனாரின் கணவர். வீட்டில் மாப்பிள்ளை என்பார்கள், அக்கா அண்ணா என்பாள். பயணத்தில் பாதி நேரம் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். ஆபீஸ் கால், ஆபீஸ் கால் என்று குடும்பமே பெருமைப்பட்டது.

"நான் மரத்தடியில நின்னது தெரியுதாம்மா?"

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"ஆபீஸ் இல்லம்மா. வேலை போய் நாலு மாசமாச்சு. காலையில கிளம்பி லைப்ரரிக்குப் போயிடுவேன். அவளுக்குத் தெரியாது."

"அப்ப போன்ல யார்கிட்ட அண்ணா பேசினீங்க?"

"கஸ்டமர் கேருக்குப் போட்டுட்டு நிப்பேன். காத்திருங்கன்னு பாட்டுப் போடுவான். யாராவது பக்கத்துல வந்தா, 'சரி சார், நாளைக்கு முடிச்சுடறேன் சார்'னு சொல்வேன்."

இதைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு போய்விட்டது. அக்கா சொன்னாள், "படத்துல அது இல்லண்ணா. நான் சொன்னது வேற. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னொருத்தர் வாயால கேட்டா தாங்கமாட்டா."

அத்தானும் அழைத்தார். அவர் ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். "யாரோ நம்ம பின்னாடியே வந்திருக்கான்ல? எனக்கு அப்பவே சந்தேகம். கேமராவைத்தான் நோட்டம் விட்டிருக்கான். இந்த மாடல் வச்சிருக்கிறவன் கம்மி. அவன் முகத்தைப் பெருசாக்கி வை, போலீசுக்குக் கொடுத்துடலாம்" என்றார்.

மிச்சம் அக்காவின் கணவன். திங்களும் செவ்வாயும் அவன் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தான். புதன்கிழமை யாரும் சொல்லாமலே குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டான். வியாழக்கிழமை மாலை தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"முதல் நாள் காலையில... அண்ணன் குளிக்கப் போயிருந்தான். கேமரா கட்டில் மேல கிடந்துச்சு. மேல ஒரு சக்கரம் இருக்குல்ல, பிளஸ் மைனஸ் போட்டு? அதைத் திருப்பிட்டேன். மைனஸ் பக்கம். கடைசி வரைக்கும்."

அக்கா தேநீரைக் கீழே வைத்தாள்.

"வேணும்னேவா?"

"போனை உள்ள வைடான்னு எல்லார் முன்னாடியும் சொன்னான்ல. ஒரு பத்துப் படம் கெட்டுப்போகட்டும், உடனே கண்டுபிடிச்சுடுவான்னு நினைச்சேன். அவன் நாலு நாளும் கண்டுபிடிக்கல. அப்புறம் எப்படிச் சொல்றது? திருப்பும்போது கிளிக்குனு ஒரு சத்தம் வேற கேட்டுச்சு. அதுல நான் விழுந்துட்டேனா?"

முதல் படம் வெறும் கறுப்பு என்று அக்கா ஒதுக்கி வைத்திருந்தாள். அப்போதே எழுந்து போய் அதைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினாள். ஒரு கட்டைவிரலும் இரண்டு மூக்குத் துவாரங்களும் தெரிந்தன. அவற்றுக்கு மேலே, அண்ணனுக்குப் பயந்து வாழ்கிற ஒருவனின் கண்.

"உங்க கோபத்துக்கு என்னோட மூணு ஞாயித்துக்கிழமை" என்றாள். அவன் திட்டு வாங்கவே தயாராக வந்தவன். திட்டு கிடைக்காமல் இரண்டு நாள் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. அத்தான் வீட்டு ஹாலில் யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. குழந்தைகள் நாலு பேரும் தரையில், டிவிக்கு ஒரு முழ தூரத்தில். படங்கள் ஓடின. படகு, பாறை, ஊஞ்சல், பல் விழுந்த சிரிப்பு, முழங்கால் மண், அவரவர் பிறந்த நிறத்தில் அவரவர் முகம். குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டார்கள். பெரியவர்கள் ஒருவரும் குழந்தைகளைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் படத்தின் ஓரத்தில்.

"இவர்தான்" என்று அக்கா நாயைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

பெரியவர்கள் எல்லோரும் டிவி பக்கம் குனிந்தார்கள்.

"நாயா?" என்றாள் ஓரகத்தி. குரல் உடைந்து வந்தது. "நாய்க்காகவா நான்..." என்று ஆரம்பித்து, கணவனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாமனார் கண்ணை மூடி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நாய்க்குக் கூடத் தெரிஞ்சிருக்கு பாரு, எது நல்ல கேமரான்னு" என்றார் அத்தான்.

மாப்பிள்ளை மட்டும் தலை நிமிராமல் இருந்தார். அவர் முந்தின நாள் சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட்டிருந்தார். நாத்தனார் கண் வீங்கியிருந்தது. அவள் அக்காவோடு அன்று பேசவில்லை. அடுத்த இரண்டு மாசமும் பேசவில்லை. கணவனின் வேலை போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லையாம். தனக்கு முன்னால் அண்ணிக்குத் தெரிந்ததுதான் வலித்தது. பிறகு மாப்பிள்ளைக்கு ஒரு மருந்துக் கிடங்கில் சின்ன வேலை கிடைத்தது. அங்கே வேலை நேரத்தில் போனே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வாரம் நாத்தனார் இரட்டையரைக் கூட்டிக்கொண்டு தானாகவே அக்கா வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். அக்காவும் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள்.

அந்த வீட்டில் இப்போது எக்ஸ்ரே அக்காவுக்குத்தான் முதல் நாற்காலி. லிப்ட் ஜோக்கை அத்தான் ஒரு தடவை எடுத்தார். மாமனாரும் ஓரகத்தியும் ஒரே நேரத்தில் "உஷ்" என்றார்கள். ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெரிய துண்டு ஒரு பையில் சுற்றி வந்து சேர்ந்தது. அக்கா அதை விடுதி முகவரிக்குத் தபாலில் அனுப்பினாள். அனுப்புநர் இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். "விருந்தாளி" என்று எழுதச் சொன்னேன்.

தன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அக்கா கணவனிடம் திருப்பி வாங்கினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை படுக்கையில் கிடப்பாள். சமையல், துணி, பெண்ணின் வீட்டுப்பாடம் எல்லாம் அவன் பொறுப்பு. முதல் ஞாயிறு பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இதைக் கழுவிட்டுச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். இரண்டாவது ஞாயிறு உப்பு மட்டும்தான் அதிகம். மூன்றாவது ஞாயிறு தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, "அடுத்த வாரமும் தூங்குறியா?" என்று கேட்டானாம்.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.